பழைய இயந்திரத்துக்கு என்ன வேலை?

டிசைன் ஸ்டூடியோ நடத்துபவர்களில் பலருக்குப் பழைய இயந்திரங்கள் மேல் ஒரு மோகம் உண்டு. வரவேற்பறையில் ஒரு டிரெடில் அச்சு இயந்திரம், சுவரில் ஈய எழுத்துக் கேஸ், மேஜையில் 1980களின் மேக்கின்டோஷ். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கும். அலங்காரத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடலாம்; ஒரு நல்ல தச்சரும் விளக்கு மாட்டுபவரும் போதும். இயந்திரத்தை ஓட்ட நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து இரண்டு விஷயங்களை எழுதுங்கள். இந்த இயந்திரம் மாதந்தோறும் செய்யப்போகும் வேலை எது? அந்த வேலைக்கு இப்போது வெளியே யாருக்கு, எவ்வளவு கொடுக்கிறோம்? முதல் கேள்விக்கே பதில் வரவில்லையென்றால் வாங்காதீர்கள். ஓடாத டிரெடிலில் ரோலர் தட்டையாகும், ஷாஃப்ட்டில் துரு ஏறும், ஆறு மாதத்தில் அதன் மேல் கூரியர் கவர்களை அடுக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

தமிழ்நாட்டில் இன்றும் உயிரோடிருக்கும் டிரெடில்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அவற்றில் பெரும்பாலானவை அச்சடித்துப் பிழைக்கவில்லை. பஞ்சிங், க்ரீஸிங், பெர்ஃபரேஷன், பில் புத்தகத்துக்கு நம்பரிங் என்று ஆஃப்செட் செய்யாமல் விட்ட வேலைகளைச் செய்தே பிழைத்திருக்கின்றன. உங்கள் ஸ்டூடியோ டிரெடிலுக்கும் இதுவே முதல் வருமானம். சிறிய பெட்டி மாதிரி, மடிப்புக் கோடு போட்ட அழைப்பிதழ், கிழித்தெடுக்கும் கூப்பன் என்று நூறு, இருநூறு பிரதிக்குள் அடங்கும் வேலையை வெளிக் கடையில் கொடுத்தால் வரிசையில் கடைசியாகத்தான் எடுப்பார்கள். சொந்த மெஷினில் மாலைக்குள் முடிந்துவிடும். எழுத்தச்சு அழகெல்லாம் இதற்கு மேல் வரும் போனஸ்.

எந்த மெஷின், எப்படிப் பார்ப்பது

கையால் தாள் கொடுக்கும் டிரெடிலா, தானே தாளெடுத்துத் தானே அடுக்கும் ஹைடல்பர்க் பிளேட்டனா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். ஹைடல்பர்க்கின் சுழலும் இரண்டு கைகளைப் பார்த்தால் ஆசை வரும்; அந்தக் கைகளால்தான் அதற்கு விண்ட்மில் என்றே பெயர். 10×15 அங்குல மாடல் மணிக்கு 5000 தாள் வரை ஓடும். 1985 வரை தயாரானது. ஆனால் எடை ஒரு டன்னைத் தாண்டும், மூன்று பேஸ் மின்சாரம் கேட்கும், செட்டிங் தெரிந்த ஆள் வேண்டும். இருநூறு கார்டு அடிக்கிற ஸ்டூடியோவுக்கு அந்த வேகத்தால் பயனில்லை. பஞ்சிங் வேலை வாரம் முழுக்க இருக்கிறது என்றால் மட்டும் விண்ட்மில் பக்கம் போங்கள். மூன்று பேஸ் இல்லாத கட்டடமாக இருந்தால், ஒற்றை பேஸை மூன்றாக்கிக் கொடுக்கும் டிரைவ் ஒன்றை எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். மற்றவர்களுக்கு டிரெடில் போதும்.

பழைய மெஷினை அது இருக்கும் இடத்திலேயே சோதிக்க வேண்டும். லாரியில் ஏற்றிய பிறகு பேரம் கிடையாது. முதலில் மோட்டார் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முழுச் சுற்றும் ஒரே கனத்தில் வர வேண்டும். ஏதோ ஓரிடத்தில் மட்டும் இறுகித் தளர்ந்தால் ஷாஃப்ட்டிலோ புஷ்ஷிலோ கோளாறு இருக்கிறது. அடுத்து டார்ச் அடித்து, தாளை எழுத்தின் மேல் அழுத்தும் தட்டான பிளேட்டனின் பின்புறத்தையும் இரு பக்க ஆர்ம்களையும் பாருங்கள். வார்ப்பிரும்பில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். அது எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. பல வருடம் பஞ்சிங் ஓட்டிய மெஷினில் பிளேட்டன் முகம் ஒருபுறம் தேய்ந்திருக்கும். எழுத்தைப் பூட்டும் சட்டமான சேஸின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவிலான நான்கு பெரிய எழுத்துகளைப் பூட்டி, மை இல்லாமல் ஒரு மெல்லிய தாளில் ஒரு அடி அடிக்கச் சொல்லுங்கள். தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நான்கு பதிவும் ஒரே ஆழத்தில் தெரிந்தால் நல்லது. ஒரு மூலை மட்டும் இலேசாக இருந்தால் பிளேட்டன் போல்ட்டைத் திருகிச் சரிசெய்யலாம். நடுப்பகுதியிலும் ஒரு எழுத்தை வைத்து அடித்துப் பார்த்து, அது மட்டும் பதியவில்லையென்றால் பள்ளம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பஞ்சிங்குக்கு வாங்கலாம்; அச்சுக்கு வேண்டாம்.

சேஸ், ரோலர் கம்பி, எழுத்தை இறுக்கும் காயின், அதன் சாவி எல்லாவற்றையும் மெஷினோடு சேர்த்தே விலை பேசுங்கள். தனியாகத் தேடினால் அலைய வேண்டியிருக்கும். ரோலர் மட்டும் எப்படியிருந்தாலும் புதிதாக ரப்பர் சுற்ற வேண்டிவரும். முன்காலத்தில் வஜ்ரமும் கிளிசரினும் காய்ச்சி ஊற்றிய ரோலர்கள் சித்திரை வெயிலில் இளகித் தொங்கும். ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை.

மெஷினைத் தரைத்தளத்தில்தான் இறக்க வேண்டும். குடியிருப்புக் கட்டடத்தின் தளத்துக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. டிரெடில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் அதைவிடப் பல மடங்கு எடையை இறக்குவதோடு, ஓடும்போது அதிரவும் செய்யும். முதல் மாடி என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் எழுத்து இல்லாமல் ஏற்றாதீர்கள்.

ஈய எழுத்தும் பாலிமரும்

மூடுகிற அச்சகத்தில் எழுத்தைக் கிலோ கணக்கில் தருவார்கள். வாங்கும் முன் கேஸை இழுத்து 'லை', 'னை', 'ணா', 'றா' இருக்கும் அறைகளைப் பாருங்கள். 1978 அக்டோபரில் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் வார்த்த செட்டில் 'லை' மேலே வளைந்த கொம்போடு ஒரே துண்டாக இருக்கும். பழைய வடிவம் வேண்டுமென்றே தேடுகிறீர்கள் என்றால் அது பொக்கிஷம். இன்றைய வாடிக்கையாளரின் பெயரைக் கோக்க வேண்டுமென்றால், தனி ஐகாரக் கொம்பும் காலும் போதுமான அளவு இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சகங்களில் முதலில் தீர்ந்துபோவது இவையும் மெய்யெழுத்துகளும்தான்.

எழுத்தின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். பிரிட்டிஷ் வழக்கில் 0.918 அங்குலம், 23.3 மில்லிமீட்டர். வெர்னியர் காலிப்பர் எடுத்துப் போங்கள். ஒரே கேஸில் இரண்டு உயரம் கலந்திருந்தால் சில எழுத்து கறுப்பாகவும் சில எழுத்து சாம்பலாகவும் விழும். பிறகு தாளுக்கு அடியில் துண்டுத் தாள் ஒட்டியே பொழுது போய்விடும்.

நடைமுறையில் ஸ்டூடியோ வேலையில் பெரும்பகுதி பாலிமர் பிளேட்டில்தான் நடக்கும். திரையில் டிசைன் செய்து, நெகட்டிவ் ஃபிலிம் எடுத்து, புற ஊதா ஒளி காட்டி, தண்ணீரில் கழுவினால் மேடான பிளேட் கிடைக்கும். பரவலாகக் கிடைப்பவை 0.95, 1.52 மில்லிமீட்டர் கனத்தில் வருகின்றன. பிளேட்டையும் ஒட்டும் டேப்பையும் சேர்த்து 23.3 வர வேண்டும் என்பதால், அடியில் வைக்கும் அலுமினியக் கட்டையை அந்தக் கணக்கில் கழித்து லேத்தில் அறுத்துக்கொள்ளுங்கள். தேக்குக் கட்டையும் உண்டு, ஆனால் மழைக்காலத்தில் அது உப்பும்.

தமிழுக்கென்று ஒரு எச்சரிக்கை. பிளேட்டைக் கழுவும்போது தனித்து நிற்கும் சின்னப் புள்ளிகள்தான் முதலில் அடித்துச் செல்லப்படும். அவற்றுக்கு அடியில் பிடிமானம் குறைவு. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இரண்டு எழுத்துக்குத்தான். தமிழில் ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் ஒரு புள்ளி இருக்கிறது. 'கண்ணன்' என்ற பெயரில் ஒரு புள்ளி போனால் 'கணணன்' ஆகிவிடும். கல்யாணப் பத்திரிகையில் அது சிரிக்கிற விஷயமாக இருக்காது. 10 பாயின்ட்டுக்குக் கீழே போகும்போது எழுத்தை அவுட்லைனாக மாற்றி, புள்ளிகளை மட்டும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதேபோல 'ண', 'ணை' ஆகியவற்றின் சுழிகள் சின்ன அளவில் மை அடைத்துக்கொள்ளும். கனமான எழுத்துருவை விட்டு மெல்லியதற்கு மாறுவதே வழி.

ஆழமாக அடிக்கலாமா

இந்த விஷயத்தில் டிசைனருக்கும் மெஷின்காரருக்கும் சண்டை வராமல் இருக்காது. விரல் வைத்தால் குழி தெரிய வேண்டும் என்று டிசைனர் கேட்பார். மெஷின்காரர் பட்டறையில் கற்றதே வேறு. பின்பக்கம் தடம் தெரியாமல், மை மட்டும் தாளை முத்தமிட்டுப் போக வேண்டும். குழி விழுந்தால் அந்தக் காலத்து முதலாளி திட்டுவார். "தம்பி, இப்படி அமுக்கினா எழுத்து செத்துப்போயிடும்" என்று மெஷின்காரர் சொன்னால் அதில் பழைய ஆளின் பிடிவாதம் எதுவும் இல்லை. ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த அந்த உலோகம் மென்மையானது. கனமான தாளில் ஆழமாக அடித்தால் முகம் மழுங்கிவிடும். நான் வைத்துக்கொள்ளும் விதி இது: ஈய எழுத்தில் முத்தம் மட்டும்; குழி வேண்டுமென்றால் பாலிமர். குழிக்குப் பருத்தித் தாள் வாங்குங்கள், பளபளப்பான ஆர்ட் போர்டில் குழி நிற்காது. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் போன்றவை நன்றாக வாங்கும், ஆனால் பிசிரான ஓரத்தை வைத்துக்கொண்டு இரண்டு கலர் பொருத்தமாக அடிக்க முடியாது. இரண்டு ஓரங்களையாவது நேராக வெட்டிவிட்டு, அடித்து முடித்த பிறகு வேண்டுமானால் கிழித்த ஓரம் உண்டாக்குங்கள்.

மை கொடுக்கும் ரோலர் எழுத்தை உரசும் அளவைச் சரிபார்க்க, எழுத்து உயரக் கட்டை ஒன்றை பெட்டில் வைத்து ரோலரைக் கையால் இறக்கிப் பாருங்கள். கட்டையின் மேல் விழும் மைப் பட்டை சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்க வேண்டும். அதைவிட அகலமாக விழுந்தால் எழுத்தின் ஓரத்தில் மை வழிந்து இரட்டைக் கோடாகத் தெரியும். பலர் இதை மையின் குற்றம் என்று நினைத்து டப்பா டப்பாவாக மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கையைக் காப்பது

டிரெடிலில் விபத்து பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். வைத்த தாள் கோணலாகிவிடும், அதை நேராக்கக் கை தானாக உள்ளே போகும். பிளேட்டன் நிற்காது. முதல் வாரம் யார் ஓட்டினாலும் மோட்டார் கூடாது, கால் மிதிதான். தாள் கோணினால் லீவரைத் தள்ளி அழுத்தத்தை விலக்கு, தாள் போனால் போகட்டும் என்று பழக்க வேண்டும். துப்பட்டா, தொளதொள கைச்சட்டை, வளையல் கூடாது. பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடி கட்டாயம். இன்டர்ன்ஷிப்புக்கு வரும் மாணவர்களைத் தனியாக மெஷினிடம் விடவே கூடாது.

ஈயத்துக்குப் பெரிய பயம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். எழுத்து தொட்ட கையோடு டீ டம்ளரைத் தொடாதீர்கள். பழைய கேஸில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஊதித் தள்ளவோ பிரஷ் போடவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனியே போட வேண்டும். ஸ்டூடியோவில் ஈயம் உருக்குவது என்ற பேச்சே வேண்டாம். மை துடைத்த துணியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த மை காயும்போது சூடாகும். கசக்கிக் குவித்த துணி தானாகவே தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு அன்றைக்கே வெளியேற்றுங்கள்.

பழைய கணினியின் ஒரே நல்ல வேலை

1984 மேக்கின்டோஷின் திரை 512×342 புள்ளி. மறு ஆண்டே லேசர்ரைட்டர் பிரிண்டரும் பேஜ்மேக்கர் மென்பொருளும் வந்து அச்சுக்கோப்பை மேஜைக்குக் கொண்டுவந்தன. இந்த வரலாற்றை மதிக்கிறேன். ஆனாலும் டிசைன் வேலைக்கு அந்தப் பெட்டியை மீண்டும் பயன்படுத்துகிறேன் என்பவர்களை அவ்வளவாக நம்புவதில்லை. ஐகான் வரைந்து பழகவோ, கவனச் சிதறல் இல்லாமல் எழுதவோ ஆசையென்றால் எமுலேட்டர் ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். நிஜப் பெட்டிதான் வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சில வரிகள்: உள்ளே இருக்கும் பேட்டரியை வாங்கிய அன்றே கழற்றுங்கள், அது கசிந்தால் போர்டையே தின்றுவிடும்; அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியை 230 வோல்ட்டில் சொருகும் முன் பின்புறச் சீட்டைப் படியுங்கள்; படக்குழாய் ஆஃப் செய்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், எனவே மூடியைத் திறக்கும் வேலையை டிவி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோவுக்குப் பழைய கணினி காசு சம்பாதித்துக் கொடுக்கும் இடம் ஒன்றே ஒன்று: பழைய கோப்புகளை மீட்பது. 1990களிலும் 2000களிலும் இங்கே அச்சான புத்தகம், பாடநூல், கோயில் மலர், லேபிள் எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகளாக எங்கெங்கோ முடங்கிக் கிடக்கின்றன. பதிப்பாளர் மறுபதிப்புக் கொண்டுவர விரும்புவார். கையில் ஒரு ஃபிளாப்பிப் பெட்டியும் ஒரு சிடியும் இருக்கும். திரும்ப டைப் செய்து, திரும்ப மெய்ப்புப் பார்ப்பதைவிட மீட்பது மலிவு.

ஃபிளாப்பியை முதலில் கண்ணால் பாருங்கள். உலோக மூடியைத் தள்ளினால் உள்ளே கறுப்புத் தட்டு தெரியும். வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் பூஞ்சணம். சென்னை ஈரத்தில் சகஜம். அதை அப்படியே டிரைவில் போட்டால் அந்த டிஸ்க்கும் போய், ஹெட் அழுக்காகி அடுத்த டிஸ்க்கும் போய்விடும். நல்ல டிஸ்க்குகளை முதலில் முடித்துவிட்டு, பூத்தவற்றைக் கடைசிக்கு வையுங்கள். படிக்கும் முன் மூலையிலுள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிட்டால் எதுவும் அழியாது. 1.44 எம்பி டிஸ்க்குக்கு யூஎஸ்பி டிரைவ் போதும். பழைய மேக்கின் 400கே, 800கே டிஸ்க்குகளை அது படிக்காது. அவற்றுக்குச் சாதாரண பிசி டிரைவோடு கிரீஸ்வீசல் என்ற சிறு போர்டை இணைத்து, காந்தப் பதிவையே அப்படியே நகலெடுக்க வேண்டும்.

கோப்பு கையில் வந்த பிறகு, இன்றைய கணினியிலேயே விர்ச்சுவல் மெஷினாக விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றி, பேஜ்மேக்கர் 7.0 போடுங்கள். இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகளும் பேஜ்மேக்கர் 6.0 முதலான கோப்புகளைத் திறக்கும். எந்த வழியில் போனாலும் அதே எழுத்துரு வேண்டும். எழுத்துரு இல்லையென்றால் பக்கம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். காரணம் எளிது. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலேயே தமிழை உட்காரவைத்தன. பாமினி என்ற எழுத்துருவில் 'அம்மா' என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்று எழுத்துக் குறியீட்டுத் தரங்களை வகுத்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு மென்பொருள்காரரும் தனித்தனி அமைப்பு வைத்திருந்த காலம் அது. ஆகவே கோப்போடு எழுத்துருவையும் தேடிக் கொடுங்கள் என்று வாடிக்கையாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

முதல் வேலையாகப் பக்கங்களை அப்படியே பிடிஎஃப் ஆக்கிச் சேமியுங்கள். மறுபதிப்பு மாறாமல் வரவேண்டுமென்றால் அதோடு முடிந்தது. உரையைத் திருத்த வேண்டுமென்றால் வெளியே எடுத்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. அவை சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பழைய அமைப்பில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிந்த வரிசையில் கிடக்கும். யூனிகோடில் 'க' முன்னே வர வேண்டும். வரி உடையும் இடத்தில் கொம்பு ஒரு வரியிலும் 'க' அடுத்த வரியிலும் இருந்தால் கருவி குழம்பிவிடும். ஆகவே மாற்றும் முன் வரி உடைப்புகளையெல்லாம் நீக்குங்கள். இரண்டு, பாமினி வகையில் இடையே வரும் ஆங்கிலச் சொல்லும் தமிழ்க் கிறுக்கலாக மாறிவிடும். பேஜ்மேக்கரிலேயே ஆங்கில எழுத்துருவில் உள்ள சொற்களுக்கு முன்னும் பின்னும் ஒரு குறி போட்டு வைத்தால் பிறகு தப்பிக்கலாம். அதன் பிறகும் ஒரு மெய்ப்பு கட்டாயம். எண்களையும் அடைப்புக்குறிகளையும் தனியாகப் பாருங்கள்.

இந்த வேலைக்குப் பக்கக் கணக்கில் விலை சொல்லாதீர்கள், டிஸ்க் கணக்கில் ஒரு சோதனைக் கட்டணம் வாங்குங்கள். படிக்க முடியாத டிஸ்க்குக்கும் நேரம் செலவாகிறது.

டாட் மேட்ரிக்ஸ்

இதைப் பழையது என்று சொல்லவே கூடாது; டிவிஎஸ் எம்எஸ்பி பிரிண்டர்கள் இன்னும் கடைகளில் கார்பன் பில் அடித்துக்கொண்டிருக்கின்றன. ரிப்பன் எளிதாகக் கிடைக்கும். 9 ஊசி மாடலின் கரடுமுரடான புள்ளிக்காகவே சிலர் போஸ்டருக்குப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே பதித்த எழுத்துகளில் தமிழ் இருக்காது என்பதால் தமிழைப் படமாகத்தான் அடிக்கும். மெதுவாகப் போகும், சத்தமும் அதிகம். தொடர்தாள் வைத்து எட்டடி நீளப் பேனர் அடித்துப் பாருங்கள், கண்காட்சிக்கு அருமையாக இருக்கும்.

கைமாற்றும்போது

இயந்திரத்துக்கு வேலை இல்லாமல் போனால் வைத்துக்கொண்டு வருந்தாமல் கைமாற்றிவிடுங்கள். ஓடும் நிலையில் உள்ள டிரெடிலுக்குப் பஞ்சிங் கடைக்காரர் தரும் விலையைப் பழைய இரும்புக்காரர் தரமாட்டார். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்க வேண்டும். மரக் கேஸை மட்டும் அலங்காரக் கடைக்கு விற்றுவிட்டு எழுத்தை உருக்கக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. முழுச் செட்டாக இன்னொரு அச்சகமோ டிசைன் கல்லூரியோ கேட்டால் விலை கொஞ்சம் குறைந்தாலும் அவர்களுக்கே கொடுங்கள். பழைய கணினியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் முன்பே கழற்றிவிடுங்கள். வாடிக்கையாளரின் கோப்புகள் அதில் இருக்கும்.